நிரந்தரவாசம்

எம் வீட்டு இரும்புப் பெட்டியில், ஆச்சியின் அடக்க ஆராதனைத் தாளுக்கும் வயற்பட்டாவுக்கும் இடையே ஒரு பழுப்பு உறை கிடந்தது. கல்லூரியிற் சேர்ந்த 2024-ஆம் ஆண்டில், கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதற்காகப் பிறப்புச் சான்று தேடியபோது அவ்வுறை எம் கையில் அகப்பட்டது. சான்றோடு கூடவே, சிங்கப்பூர் அரசினர் எமக்கு வழங்கிய மறுநுழைவு அனுமதித் தாளும் அதனுள் இருந்தது. அது 2017 மே மாதத்தோடு காலங்கடந்திருந்தது. அம்மாதத்தில் யாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என எண்ணிப் பார்த்தோம். பத்து வயது, கோடை விடுமுறை, பெரும்பாலும் வாய்க்காலில் துண்டு விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்திருப்போம். அந்தப் பகற்பொழுதுகளுள் ஏதோ ஒன்றில்தான் யாம் பிறந்த நாட்டில் எமக்கிருந்த உரிமை ஓசையின்றிக் கழன்று போயிற்று.

இதனைப் படிக்கும் நண்பர்கள் பலர்க்கு இவ்விதிகள் புதியனவாயிருத்தல் கூடுமாதலின், சிறிது விரித்துரைப்போம். யாம் 2006 நவம்பரிற் சிங்கப்பூரிற் பிறந்தோம். அந்நாட்டு மண்ணிற் பிறந்த மாத்திரத்தானே குடியுரிமை வந்து சேராது; பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும். எம் பெற்றோர் இருவரும் நிரந்தரவாசிகளேயன்றிக் குடிமக்கள் அல்லர். இக்குழந்தை பிறந்த வேளையில் இந்நாட்டுக் குடியுரிமை உடையதன்று என்னும் குறிப்பு எம் பிறப்புச் சான்றிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பின்னர்ப் பெற்றோர் தனியே மனுச்செய்து எமக்கும் நிரந்தரவாசம் பெற்றுத் தந்தனர். நிரந்தரவாசி அந்நாட்டினுள் இருக்குங்காறும் இடரில்லை. வெளியே செல்லின், மீண்டு வருதற்குரிய அனுமதி உயிரோடு இருத்தல் வேண்டும். அது முடிந்த பின்னும் வெளியே இருப்பவன் நிரந்தரவாசி அல்லன். அன்றைய சட்டம் அவ்வளவே. 2025 டிசம்பர் முதல் நாளிலிருந்து, அங்ஙனம் வெளியே தங்கிவிட்டவர் 180 நாளுக்குள் மனுச்செய்துகொள்ளலாம் என ஒரு தவணை கொடுத்திருக்கின்றனர். எம்மளவில் அஃது எட்டாண்டு பிந்தி வந்த இரக்கம்.

தமிழ் மாணவனாகிய எமக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி செய்யாது மேற்செல்ல இயலவில்லை, பொறுத்தருள்க. நிரந்தரம் என்பது வடசொல். அந்தரமாவது இடைவெளி, இடைவெளி இல்லாதது நிரந்தரம். என்றும் அழியாதது என்று யாம் பொருள் கொண்டிருந்தோம். சட்டம் எழுதியோரோ, அறிந்தோ அறியாமலோ, சொல்லின் வேர்ப்பொருளையே கொண்டனர் போலும். இடைவெளி விழுந்தது, நிரந்தரமும் போயிற்று.

அவ்விடைவெளி விழுந்த வகை இது. 2014-இன் இறுதியில் ஆச்சிக்குப் பக்கவாதம் கண்டது. தந்தையார் அவருக்கு ஒரே மகன். கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றிற் பார்த்த வேலையை விட்டு, எம்மையும் அன்னையாரையும் அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். தொடக்கநிலை இரண்டு அப்பொழுதுதான் முடித்திருந்தோம். இரண்டு ஆண்டில் வந்துவிடுவோம் என்பதே வீட்டிற் பேச்சு. ஆதலின் எமது சிவப்பு மிதிவண்டியை ஈசூனில் அதே அடுக்குமாடியிற் குடியிருந்த நண்பனிடம் ஒப்படைத்து, வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வந்தோம். ஆச்சி ஐந்தாண்டு படுக்கையிற் கிடந்து 2019-இற் காலமானார்.

உறை அகப்பட்ட அன்றிரவு, மறந்துவிட்டீர்களா என்று தந்தையாரைக் கேட்டோம். அவர் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார்.

“மறக்கவில்லை. அந்தத் தேதி மே மாதம் முழுவதும் என் தலைக்குள்ளேதான் இருந்தது. அங்கே வேலையில்லாத எனக்குப் புதுப்பித்துத் தருவார்களா என்பதே சந்தேகம். தந்தாலும், ஆச்சியை யாரிடம் விட்டுவிட்டு அங்கே போய் வாழ்வது? நாளைக்குப் பார்ப்போம் என்று ஒவ்வொரு நாளும் வைத்தேன். ஆச்சிக்குத் தெரியவேண்டாம் என்று உறையை உள்ளே போட்டேன்.”

இதற்கு யாம் மறுமொழி சொல்லவில்லை. மறுநாட் காலையில் அடுக்களையில் அன்னையார் தாமாகவே வாய் திறந்தார்: “அப்பா சொன்னது நிசந்தான். ஆனால் எனக்கு வேறொன்றும் இருந்தது, தம்பி. பட்டாளத்துக்கு உன்னை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தேதி முடிந்துபோயிற்று என்று அப்பா சொன்னபோது நான் தோத்திரம் பண்ணினேன்.”

அன்னையார் குறித்தது தேசிய சேவையை. 1967 முதல் அந்நாட்டு இளைஞர்க்கு அது கட்டாயம். இப்பொழுது அதன் காலம் இரண்டு ஆண்டு. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண்மக்களும் அதற்கு உட்பட்டவர்களே. அச்சேவை செய்யாது நிரந்தரவாசத்தை விட்டவர்கள் பின்னாளிற் படிப்புக்கோ பணிக்கோ அங்கே மனுச்செய்யின் அக்குறையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். தந்தையார் தம் தாயின் பொருட்டு விட்டார். அன்னையார் தம் மகனின் பொருட்டு விட்டார். தந்தையார் மீது எமக்குச் சினம் வரவில்லை. அன்னையாரோடு மூன்று நாள் பேசாதிருந்தோம். அது நியாயமன்று என்பதனை இப்பொழுது உணர்கிறோம்; எனினும் அந்நாளில் அங்ஙனமே நடந்துகொண்டோம்.

பிற நாடுகளிலும் இத்தகைய விதிகள் உண்டு. கனடாவில் நிரந்தரவாசியானவர் ஐந்தாண்டுக் கணக்கில் 730 நாளேனும் அங்கே வசித்திருத்தல் வேண்டும் என்பது பொது விதி. அமெரிக்காவிலோ, சிறுவர்க்கெனத் தனி எண்ணம் இருப்பதாகவே கொள்வதில்லை. காவலிலுள்ள பெற்றோர் வாசத்தைக் கைவிட்டனராயின், குழந்தையும் கைவிட்டதாகவே அந்நாட்டுக் குடிநுழைவு வழக்குகளில் எண்ணப்படும். ஒரு வகையில் அது நேர்மையான பேச்சு. எட்டு வயதில் எம்மைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? மிதிவண்டி இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்றிருப்போம். அதனை ஒரு கருத்தாக எந்த அதிகாரியும் பதிந்துகொள்ளார். ஆயினும் வீட்டிலுள்ளோர் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

சென்ற 2025 மே மாதத்தில், சித்தப்பா மகள் திருமணத்துக்காக அங்கே செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்க்கு விசா வேண்டும். யாம் பிறந்த ஊருக்குச் செல்லப் புகைப்படமும் அழைப்புக் கடிதமும் வைத்து மனுச்செய்தோம். விமானத்தில் இரவெல்லாம் ஓர் உரையை மனத்துள் ஒத்திகை பார்த்தோம். பிறந்த இடம் சிங்கப்பூர் என்றிருக்கிறதே என்று அதிகாரி வினவுவார். யாம் இன்னின்னவாறு விடை பகர்வோம் என்று. சாங்கி நிலையத்தில் அதிகாரி எவரும் எம்மை அழைக்கவில்லை. அயல்நாட்டுப் பயணிகளுக்கும் இப்பொழுது தானியங்கி வாயில்களே. பொறி எம் முகத்தையும் கண்ணையும் நோக்கிற்று, கதவு திறந்தது. உரை வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

அங்கே இரயிலில் அறிவிப்புகள் நான்கு மொழியில் ஒலிக்கும். தமிழ் அவற்றுள் ஒன்று. எட்டு வயது வரை அதனை யாம் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. அன்று ஈசூன் வரையில் ஒவ்வொரு நிலையத்திலும் அதற்காகச் செவிசாய்த்திருந்தோம்.

நண்பன் எம்மினும் ஒரு சாண் உயர்ந்திருந்தான். பன்னிரண்டாண்டுப் படிப்பை முடித்து அவ்வாண்டுத் தொடக்கத்திற் படையிற் சேர்ந்தவன், வார விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தான். ஒட்ட நறுக்கிய தலை; கழுத்து வெயிலிற் கறுத்திருந்தது. பேச்சுவாக்கில், “உனக்கு எப்போது அழைப்பு?” என்று கேட்டுவிட்டு, உடனே நினைவு வந்தவனாய் நிறுத்திக்கொண்டான். எமக்கு அழைப்பு இல்லை என்றோம். “தப்பித்தாய், போ” என்று சிரித்தான். அச்சிரிப்பிற் பொறாமை இருந்ததோ வேறொன்று இருந்ததோ, அறியோம். அவன் நாளும் கிழமையும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த விலையை யாம் கொடுக்கவில்லை என்பது மட்டும் அவன் எதிரில் நின்றபோது தெளிவாயிற்று. மிதிவண்டியைப் பற்றிக் கேட்டோம். அதனைத் தன் தங்கை சில காலம் ஓட்டியதாகவும், பிறகு காராங்குனி, அதாவது அங்கே வீடுவீடாய்ப் பழம்பொருள் வாங்க வருபவர், கொண்டு போனதாகவும் சொன்னான். ஐந்து வெள்ளி தந்தாராம். அந்த ஐந்து வெள்ளியை எமக்குத் தர வேண்டும் என்று அவன் பிடிவாதம் செய்து, இருவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

ஊர் திரும்பிய இரவு, திருமணச் செய்திகளைக் கேட்டு முடித்து அன்னையார் உறங்கப் போனார். தந்தையார் மட்டும் எழவில்லை. எதிர்ப்புறத்து மளிகைக் கடை இருக்கிறதா என்றார். இல்லை என்றோம். மின்தூக்கி இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறதா என்றார். நிற்கிறது என்றோம். சற்றுப் பொறுத்து, அடுக்குமாடியின் கீழே, திறந்த தளத்திற் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை ஒன்று இருக்குமே, வேலை முடிந்து வந்து தாம் அதிலே உட்காருவது வழக்கம், அது உண்டா என்றார்.

உண்டு என்றோம்.

“யார் உட்கார்ந்திருந்தார்கள்?” என்று கேட்டார்.