உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா?

செஞ்சிப் பக்கம் ஒரு விவசாயி, மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றிக் காவலுக்குப் போய்த் தரையில் படுத்திருந்தார். இரவில் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அது கடித்தால் பெரிதாக வீக்கம் வராது. பல் தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிறு வலித்தது, இமைகள் தொங்கின, நாக்குக் குழறியது. மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஆறாம் நாள் தானாக மூச்சுவிட்டார்.

'மறுபிறவி' என்று ஊரே சொன்னது. வீட்டுக்கு வந்தவரோ தூங்கவில்லை. விளக்கைப் போட்டுப் போர்வையை உதறி உதறிப் பார்த்தார். ராத்திரி கரன்ட் வந்தாலும் மோட்டார் போடப் போகவில்லை. உரம் போட்ட தேதி மறந்தது. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தார். அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை. பயந்த கோளாறு என்று அம்மா தாயத்துக் கட்டினார்.

இது கோழைத்தனம் அல்ல. கட்டுவிரியன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடும். கண் திறக்காது, விரல் அசையாது. ஆனால் நினைவும் காதும் வேலை செய்யலாம். "இனி தேறாது, வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்" என்று அண்ணன் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து மனைவியிடம் அதைச் சொன்னார். "அதே மாமாதாங்க, டாக்டர் நம்பிக்கை சொன்னதும் வாசலை விட்டு நகராம உட்கார்ந்திருந்தார்" என்றார் அவர். பாதி மட்டும் தெரிந்திருந்த கதையின் மீதி அன்றுதான் கிடைத்தது. பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இருவரும் போனார்கள். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது.

மாரடைப்பு, விபத்து, கடும் நோய்த்தொற்று என எதற்காகத் தீவிர சிகிச்சையில் இருந்தாலும் கெட்ட கனவு, மறதி, கோபம், அழுகை வரலாம். கூட இருந்து பார்த்தவர்களுக்கும் வரலாம். நினைவில்லாத நாட்களில் நடந்ததை நாள்வாரியாகச் சொல்லுங்கள். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மருத்துவமனைகளில் செவிலியர்களே அதை நாட்குறிப்பாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தூக்கத்துக்காக மதுவைத் தொட வேண்டாம். ஒரு மாதமாகியும் தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சாகும் எண்ணம் வந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

அசைவில்லாமல் கிடப்பவர் பக்கத்தில் நின்று சாவைப் பற்றிப் பேசாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொல்லையில் பூ இறங்கியதைச் சொல்லுங்கள், அவருக்குக் கேட்கலாம்.