மகள் கேட்ட கணினி

என் மகள் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டு வளர்ந்தவள் அல்ல. கேட்டால் அம்மாவிடம் இருக்காது என்பதைச் சிறு வயதிலேயே விளங்கிக்கொண்ட பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. 2009 இல் முள்ளிவாய்க்காலில் அவளுடைய தந்தையை இழந்தபோது அவளுக்கு ஒரு வயது. செட்டிகுளம் முகாமிலிருந்து 2010 இல் கிளிநொச்சிக்குத் திரும்பி, தகரக் கொட்டில் ஒன்றில் ஒரு தையல் மெசினோடு நாங்கள் வாழ்க்கையை மீண்டும் தொடங்கினோம்.

2024 மே மாதம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த அன்று பின்னேரம், நான் பள்ளிச் சீருடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, எனக்கொரு கொம்பியூட்டர் வேணும்."

"படிக்கவோ?"

"படிக்கவும் பாவிக்கலாம். ஆனா நான் விளையாடத்தான் கேக்கிறன்."

பொய் சொல்லியிருக்கலாம். படிப்புக்கு என்று சொல்லியிருந்தால் நான் யோசிக்காமல் ஓம் என்றிருப்பேன். அவள் உண்மையைச் சொன்னதால் எனக்குப் பதில் சொல்வது கடினமாகிவிட்டது.

அடுத்த மாதம் சீட்டுக்காசு ஒன்றரை இலட்சம் ரூபா கைக்கு வர இருந்தது. அடுப்படிக்குச் சீமெந்து பூசுவதற்கென்று நான் மனதில் ஒதுக்கிவைத்த காசு அது. இரண்டு நாட்கள் நான் ஒன்றும் கதைக்கவில்லை. காசை நினைத்துப் பயம். "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு உது?" என்று முன்வீட்டு அக்கா கேட்பாவே என்ற பயம். மூன்றாவது பயத்தை நான் வெளியே சொல்லவில்லை. அவள் விளையாட விரும்பியது சுடுபடும் விளையாட்டு. அந்தச் சத்தம் என் வீட்டுக்குள் கேட்கப்போகிறதே என்ற பயம் அது.

மூன்றாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். சும்மா விலை கேட்கத்தான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை, சிவப்பு விளக்குகள் சுழன்றுகொண்டிருக்க, "கேமிங் செட், 145,000 ரூபா" என்று எழுதி வைத்திருந்தார்கள். "ஐ7 அக்கா, இதுக்கு மேல ஒண்டும் இல்லை" என்றார் கடைக்காரர். மகளின் முகம் மலர்ந்தது. நானும் அன்றே முற்பணம் கட்ட யோசித்தேன். நல்லவேளையாக, கையில் காசு இல்லை. தவணைக்கும் தரலாம் என்றார்கள். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரை ஒருமுறை அனுபவித்தவள் நான். தவணை என்ற சொல்லைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன்.

அன்றிரவு யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் அக்காவின் மகனுக்குக் கோல் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, எங்கள் வெட்டு மேசையில் ஒரு கொப்பியை விரித்து வைத்து விளக்கத் தொடங்கினான்.

"சின்னம்மா, ஐ7 எண்ட பேரைப் பாக்கக் கூடாது. எத்தினையாம் தலைமுறை எண்டு பாக்கவேணும். கடையில கண்டது நாலாம் தலைமுறை. 2013 இல வந்தது."

பதினொரு வருடப் பழைய பொருளுக்குப் புது விளக்குப் பூட்டியிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விண்டோஸ் 11 அந்தத் தலைமுறையை ஏற்றுக்கொள்வதும் இல்லை. விண்டோஸ் 10 இற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபரில் நின்றுபோயின. அன்று முற்பணம் கட்டியிருந்தால், ஒன்றரை வருடம் ஆவதற்குள் அந்தக் கவலையும் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

பிறகு அவன் மின்வழங்கியைப் பற்றிச் சொன்னான். கடையில் இருப்பவர்கள் பவர் சப்ளை என்பார்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பது அதுதான். மகள் அந்தக் கடையில் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்திருந்தாள். அவன் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்டுக்கு எதிரே 15 அம்பியர்.

"பெருக்குங்கோ சின்னம்மா."

பெருக்கினேன். 180 வாட். கணினியின் முக்கிய பாகங்கள் வேலை செய்வது இந்த 12 வோல்டில்தான். அந்த செட்டில் பூட்டியிருந்த ஆர்.எக்ஸ். 580 என்ற கிராபிக்ஸ் காட் மட்டுமே 185 வாட் வரை இழுக்கக்கூடியது.

எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. 1990களில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்க வைப்பார். அவருடைய கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிப்போகும். றேடியோ எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெடல் சுற்றும் கைதான் முக்கியம். அதை நான் சொன்னதும் பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்குப் பவர் சப்ளையின் பெயர் "அம்மப்பாவின் சைக்கிள்" என்று ஆகிவிட்டது.

அந்தக் கொப்பியில் நாங்கள் எழுதிய கணக்கை இங்கே தருகிறேன். இவை 2024 இல் நாங்கள் கொடுத்த விலைகள். இன்று மாறியிருக்கும். ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய 2022 ஐ நாம் எல்லோரும் கண்டவர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளின் விலை டொலரோடுதான் ஏறி இறங்கும்.

ரைசன் 5 5600ஜி என்ற செயலி 47,000 ரூபா. இதற்குள்ளேயே படம் காட்டும் பகுதியும் இருப்பதால் தனியாகக் கிராபிக்ஸ் காட் இல்லாமல் தொடங்கலாம். விசிறியும் கூடவே வரும். அதற்குப் பொருந்தும் ஏ520 மதர்போட் 24,000. நினைவகம், அதாவது றாம், 14,500. எஸ்.எஸ்.டி. 500 ஜிகாபைட் 13,000. பவர் சப்ளை 550 வாட் 17,500. பெட்டி 9,500. பாவித்த 22 அங்குலத் திரை 16,000. விசைப்பலகை, மவுஸ், ஹெட்போன் மூன்றும் 6,500. மொத்தம் 148,000 ரூபா.

றாமை 16 ஜிகாபைட் ஒரே துண்டாக வாங்காமல், 8 ஜிகாபைட் இரண்டு துண்டாக வாங்கவேண்டும் என்று அவன் வற்புறுத்தினான். இந்தச் செயலியின் படப் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. றாமிலிருந்துதான் அது எடுத்துப் பாவிக்கிறது. இரண்டு துண்டு போட்டால் இரண்டு வழியால் எடுக்கும். எனக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. நான் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், துணி வெட்டித் தருபவர் ஒருவர் என்றால் நான் காத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். வெட்டுபவர் இருவரானால் மெசின் நிற்காது.

மகள் கிராபிக்ஸ் காட் இல்லையே என்று முகம் வாடினாள். பாவித்த காட் ஒன்றைச் சேர்ப்போமா என்றும் யோசித்தோம். 2022 செப்ரெம்பரில் எதீரியம் என்ற மின்நாணயம், கிராபிக்ஸ் காட்களை ஓடவிட்டு உழைக்கும் முறையைக் கைவிட்டது. அதன்பின் இரவு பகலாக ஓடிக் களைத்த காட்கள் பல, பாவித்த பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. முன்னால் வைத்து அரை மணித்தியாலமாவது ஓட்டிக் காட்டச் சொல்லாமல் வாங்கக் கூடாது. "இப்ப நல்ல பவர் சப்ளையைப் போடுவம் தங்கச்சி. இடம் இருக்கு. காட்டைப் பிறகும் பூட்டலாம்" என்றான் அண்ணன்காரன். அத்திவாரம் போட்டுவிட்டு மாடியைப் பிறகு கட்டுவதுபோல.

சீட்டுக்காசு வந்ததும் மூவருமாக வேறொரு கடைக்குப் போனோம். கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிப்புக்கோ அம்மா?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு விதவை ஒன்றரை இலட்சத்தை விளையாட்டுக்குச் செலவழிக்கிறாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மகள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பின்னேரம் என்னிடம் உண்மை சொன்ன அதே பிள்ளை.

"இல்லைத் தம்பி, பிள்ளை விளையாடுறதுக்கு" என்றேன்.

அவர் ஒன்றும் பெரிதாக எடுக்கவில்லை. "அப்ப றாம் ரெண்டு துண்டாத்தான் போடவேணும்" என்றார். சரியான கடைக்கு வந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கத்தையும் எழுதி வாங்கினோம். பாவித்த திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் காட்டச் சொல்லி, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்தோம்.

வீட்டில் வெட்டு மேசையில் வைத்துப் பூட்டினோம். அந்தச் செயலியின் அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மெல்லிய ஊசிகள். ஒன்று வளைந்தாலும் 47,000 ரூபா போய்விடக்கூடும். பெறாமகனின் கை நடுங்கியது. "சின்னம்மா, நீங்கள் வையுங்கோ" என்றான். ஊசியில் நூல் கோர்த்தே பழகிய கை. மூலையில் இருக்கும் சிறிய முக்கோணத்தை மதர்போட்டில் இருக்கும் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் விட்டேன். தானாக இறங்கி இருந்தது.

அன்று ஒரு பிழையும் நடந்தது. கணினியைப் போட்டபின் பெட்டியைத் தொட்டால் விரலில் விறுவிறு என்று மின்சாரம் சுண்டியது. உடனே நிற்பாட்டினோம். எங்கள் வீட்டு வயரிங்கில் எர்த் கம்பி எப்போதோ அறுந்திருந்ததை மின்சார வேலை செய்பவர் வந்து கண்டுபிடித்தார். அதைத் திருத்த 4,000 ரூபா முடிந்தது. நாங்கள் கொப்பியில் எழுத மறந்த செலவு அது. ஆனால் இத்தனை வருடமும் அந்த வீட்டில்தான் என் மின்சாரத் தையல் மெசினும் ஓடியது என்பதை நினைக்க எனக்கு உடம்பு குளிர்ந்தது. கணினி வாங்காதவர்களும் வீட்டு எர்த்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மகள் விளையாடத் தொடங்கினாள். ஹெட்போன் போட்டுத்தான் விளையாடவேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒருநாள் அதன் வயர் கழன்றுவிட்டது. திரையிலிருந்து வெடிச்சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்தது. நிலத்தில் குந்தி இருந்துவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கன நேரம் இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அது விளையாட்டு. அதில செத்தவை அடுத்த றவுண்டில எழும்பி வருவினம்."

நான் அழுதேன். அவளும் அழுதாள். அவளுடைய தந்தையைப் பற்றி நாங்கள் இருவரும் முழுமையாகக் கதைத்தது அன்றிரவுதான். எந்த இடம், எத்தனை மணி, நான் அவளை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று, பதினைந்து வருடமாகச் சொல்லாததை எல்லாம் சொன்னேன்.

அந்த விளையாட்டை விட்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அந்தச் சத்தம் எனக்கு ஒன்று, அவளுக்கு வேறொன்று. என்னுடையதை அவள் சுமக்கத் தேவையில்லை. நான் பக்கத்துவீட்டுக்குப் போகும் நேரத்தில் விளையாடுவது என்று ஒழுங்கு செய்துகொண்டோம்.

எனக்கென்று அவள் வேறொரு விளையாட்டைப் போட்டுத் தந்தாள். ஸ்ரார்டியூ வாலி என்று பெயர். தோட்டம் செய்வது. தொடக்கத்தில் பதினைந்து விதை தருவார்கள். கொத்தி, நட்டு, தண்ணீர் விடவேண்டும். மவுஸ் என் சொல் கேட்கவில்லை. ஆனால் நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒரு பயனும் இல்லாத வேலையை நான் ஒரு மணித்தியாலம் செய்தேன். நான்காம் நாள் கிழங்கு விளைந்தது. இருவரும் கைதட்டினோம்.

அடுப்படிக்கு 2025 இல் அடுத்த சீட்டுக்காசில் சீமெந்து பூசினேன். கிராபிக்ஸ் காட்டுக்கு அவளே காசு சேர்க்கிறாள்.

எங்கள் பிள்ளைகள் விளையாடக் கேட்டால் நாங்கள் உடனே படிப்பைப் பற்றிக் கதைக்கிறோம். எங்களுக்கு விளையாட நேரம் கிடைக்காததால், அதுவும் ஒரு தேவை என்பதை மறந்துவிட்டோம். எல்லோரிடமும் ஒன்றரை இலட்சம் இருக்காது. ஒரு பந்தாகவும் இருக்கலாம். ஆனால் வாங்கும்போது பெயரையும் விளக்குகளையும் பார்க்காமல், சிறிய எழுத்தைப் படியுங்கள். விளங்காததைக் கேளுங்கள். கடனுக்கு வாங்காதீர்கள். எதற்கு என்று யாராவது கேட்டால், விளையாடத்தான் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.