பாகூருக்குச் சென்ற ஏடு

பாகூர் என்னும் ஊர்ப்பெயர் தமிழில் மூன்றே எழுத்து. கணினியோ அதனைக் குறித்துவைக்க 18 பைட்டு இடங்கொள்கின்றது. யூடிஎஃப்-8 முறையில் உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் தனித்தனியே எண்ணப்பெற்று, ஒவ்வொன்றும் மும்மூன்று பைட்டாய் விரிதலே காரணம். ஆங்கில எழுத்திற்கு ஒன்றே போதும். இக்கணக்கை யாம் பொருட்படுத்தாதிருந்தோம், எம் அத்தையார் எம்மை நாணச் செய்யும் வரை.

வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியின் 3,615 பாடல்களையும், கண்டத்திற்கு ஒன்றாக மூன்று வெற்றுரைக் கோப்புகளாக்கி, வாடகைக்குப் பெற்ற சர்வர் ஒன்றில் ஏற்றியிருந்தோம். அதில் இயங்குவது என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருள். அதன் அமைப்புக் கோப்பில் 'ஜிசிப் ஆன்' என ஒரு வரி எழுதினால், சர்வர் ஏட்டைச் சுருக்கி அனுப்பும்; படிப்போர் கைபேசி அதனை விரித்துக் காட்டும். எழுதினோம். வில்லியனூரில் நண்பர் இல்லத்தில் திறந்து பார்த்தோம், நொடியில் வந்தது. அன்றே எம் பேராசிரியர்க்குப் பணி முடிந்ததென அறிவித்தும் விட்டோம்.

நிற்க. எம் அத்தையார் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பாகூர் ஏரிக்கு அப்பால் வாழ்பவர். ஆங்குக் கைபேசி அலை மெலிது. "தம்பி, வெள்ளைத் திரைதானப்பா தெரிகிறது, முனிவரை இன்னும் காணோம்" என்றார். அலையின் குறை என்றோம். "நேற்று உன் அம்மா அனுப்பிய புகைப்படம் வந்ததே, அது எந்த அலையில் வந்தது?" என்று வினவினார். விடையில்லை. புகைப்படம் இயல்பாகவே சுருக்கப்பெற்றது. எம் ஏடோ விரிந்தபடியே சென்றதுபோலும் என அப்பொழுதுதான் ஐயுற்றோம்.

கர்ல் என்னும் கருவிகொண்டு, சுருக்கிய வடிவை ஏற்போம் என்னும் குறிப்புடன் சர்வரை வினவினோம். சுருக்கியிருப்பின் மறுமொழியின் தலைப்பில் 'ஜிசிப்' என்னும் சொல் இருத்தல் வேண்டும். இல்லை! வேறு வகைகளைப் பெயர் சொல்லிச் சேர்த்தாலன்றி, என்ஜின்எக்ஸ் எச்டிஎம்எல் பக்கங்களை மட்டுமே சுருக்கும், வெற்றுரையைத் தொடாது. வில்லியனூரில் ஏடு விரைந்து வந்தது அவ்வூர் அலையின் வலிமையால். எம் திறத்தால் அன்று. வெற்றுரை வகையையும் பட்டியலிற் சேர்த்து, அமைப்பைச் சோதித்து, மீண்டும் ஏற்றி வினவினோம். அச்சொல் வந்தது. அளவு நான்கில் ஒரு பங்கினும் குறைந்திருந்தது.

இத்துணைச் சுருங்கியது எவ்வாறு? தமிழ்க்குறி ஒவ்வொன்றிலும் முதற்பைட்டு எப்பொழுதும் ஒன்றே, இரண்டாவது, இரண்டிலொன்று. மும்மடங்காய் விரிந்ததிற் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருவதே. முன்வந்த தொடர் மீண்டும் வருமிடத்து அதனை எழுதாது, இத்தனை இடம் பின்சென்று இவ்வளவு எடுத்துக்கொள்க எனக் குறித்தல் 1977இல் லெம்பெலும் ஸிவும் கண்ட முறை. நம் பழைய பத்திரங்களில் ௸ என்று எழுதி 'மேற்படி' எனப் படித்தோமே, அஃதே இது! பன்முறை வருவதற்குக் குறுங்குறி தருதல் 1952இல் ஹஃப்மன் வகுத்தது. ஜிசிப் இவ்விரண்டையும் ஆள்கின்றது.

மறுநாள் பேராசிரியரிடம் சென்று, முன்னர் அறிவித்தது பிழையென ஒப்பினோம். அவர் நகைத்து, எவ்வாறு சோதித்தாய் என்பதை மட்டும் இருமுறை கேட்டறிந்தார். அத்தையார்க்கு ஏடு அன்றிரவே கிட்டியது. முதற்படலத்தை முடித்தவர், யாம் ஒற்று மிகாது விட்ட இடங்கள் நான்கினைக் குறித்து அனுப்பியிருந்தார்.