ஒரே வர்த்தமானி, ஒரே வீடு

போன தைப்பொங்கலுக்கு நாங்கள் மூன்று பேரும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஒருத்தர் கம்பஸில் கலைப்பீடம், ஒருத்தர் கொழும்பில் புடவைக்கடையில் வேலை, ஒருத்தர் பலாங்கொடைப் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிறார். மூவரும் ஒரே அம்மாயியின் பேரப்பிள்ளைகள். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பிராவில் வளர்ந்தவர்கள். அதனால் இந்தக் கட்டுரையில் "நான்" வராது. இது மூன்று பேரும் சேர்ந்து சண்டை போட்டு, யோசித்து எழுதியது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும். அம்மாயி சம்பலைத் தொடவே இல்லை. ரொட்டியைப் பிய்த்து சாயத்தண்ணியில் ஊறவைத்து மெதுவாகச் சாப்பிட்டது. "என்னா அம்மாயி, சம்பல் வேணாமா?" என்று கேட்டோம். "வாயி எரியுது புள்ள. ஒரு வருசமா இப்பிடித்தான்" என்றது. எங்கள் அம்மாயிக்கு உறைப்பு இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஒரு வருசமாக வாய் எரிகிறது என்று எங்கள் யாருக்குமே தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்று பின்னேரம் கொழும்பில் இருப்பவர் லயத்துக்குப் பின்னால் நின்று வேப் இழுத்துக்கொண்டிருந்தார். மாம்பழ வாசம். த்ரீவீல் ஓட்டுபவர் வாயில் மாவாவை அதக்கிக்கொண்டே அவரைத் திட்டினார், "ஒனக்கு இதெல்லாம் எதுக்குடா, ஒடம்பு கெட்டுப் போயிரும்!" கம்பஸில் இருப்பவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் கம்பஸில் வேப் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. அழகான ஸ்லைடுகள், இங்கிலீஷில் வாசகங்கள், கடைசியில் கொஞ்சம் சிங்களம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடி வாசித்தோம். வாசித்தபோது தெரிந்த விசயம் இதுதான்: வேப்பையும் மாவாவையும் நம் நாட்டில் தடை செய்தது ஒரே வர்த்தமானி.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகாரசபை உருவானது. அந்தச் சட்டத்தின் கீழ் 2016 செப்டெம்பரில் ஓர் ஒழுங்குவிதி வந்தது. புகைக்காமல் பாவிக்கும் புகையிலைப் பொருட்கள், வாசனையோ நிறமோ இனிப்போ சேர்த்த சிகரெட், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட் ஆகியவற்றைச் செய்யவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது என்றது அது. தோட்டத்துக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய பக்கெட்டுகளும், கொழும்புப் பையன்கள் கழுத்தில் மாட்டித் திரியும் வேப்பும் ஒரே தாளில் வந்து சேர்ந்தன. எங்கள் வீட்டிலும் அவை ஒரே வாசலில்தான் இருந்தன.

ஆனால் கம்பஸ் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் பேசியவர்கள் வேப்பைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். வெத்திலை, பாக்கு, போயிலை பற்றி ஒரு ஸ்லைடு கூட இல்லை. சபரகமுவவில் இருந்து வந்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

ஏன் உறுத்தியது என்று சொல்கிறோம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். சபரகமுவ மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதித்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் 11.3 வீதமானவர்களிடம் இருந்ததாக அது சொல்கிறது. நூறு பேருக்குப் பதினொரு பேர்! எங்கள் லயத்தில் பெரியவர்களை எண்ணிப் பார்த்தோம். கணக்குப்படி இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டும். அதில் ஒருத்தர் அம்மாயியாக இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

அம்மாயி எதற்காக வெத்திலை போட்டது என்று தெரியாமல் "விடு, விடு" என்று சொல்லிப் பயனில்லை. காலையில் பிரட்டுக் களத்துக்குப் போகும் முன் ஒரு வாய், கொழுந்து நிறுக்கும்போது ஒரு வாய், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய். மலையில் மழையும் குளிரும். பசித்தால் உடனே சாப்பிட வழியில்லை. காலில் அட்டை ஏறினால் அந்த எச்சிலைத் துப்பினால் விழுந்துவிடும். "போயில இல்லாட்டி கை ஓடாதுடா" என்று அம்மாயி சொல்லும். அது சும்மா பேச்சு இல்லை. நிகோட்டின் பசியை மறக்கடிக்கும், கையைச் சுறுசுறுப்பாக்கும். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கொழுந்து கேட்கிற வேலைக்கு அது ஒரு கருவி மாதிரி. முந்தானையில் முடிந்திருக்கும் அந்தச் சின்னப் பொட்டலத்தைச் சோம்பேறிகளின் கெட்ட பழக்கம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. எட்டு வயதில் அம்மாயிக்குப் போயிலை வாங்கக் கடைக்கு ஓடியது நாங்கள்தான். மிச்சக் காசுக்கு டொபி. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்று 2006இலேயே சட்டம் இருந்தது. கடைக்காரருக்கும் அது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவர் எங்களுக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்று நினைத்தவரும் இல்லை, கொப்பி வாங்கக் கடன் கொடுத்த மனுசன்.

சிகரெட் விசயத்தில் இந்த நாடு நிறையவே போராடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003இலேயே இலங்கை ஏற்றது. பெட்டியில் 80 வீத இடத்தில் படத்துடன் எச்சரிக்கை போட வேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்தபோது, சிலோன் டொபாக்கோ கம்பெனி நீதிமன்றம் போனது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 50 முதல் 60 வீதம் வரை என்று குறைத்தது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி மீண்டும் 80 வீதமாக்கியது. இன்றைக்கு சிகரெட் பெட்டியை எடுத்தால் நோயின் படமும் மூன்று மொழியில் எழுத்தும் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. அது சின்ன விசயம் இல்லை.

ஆனால் அம்மாயியின் போயிலைக்குப் பெட்டி இல்லையே! பேப்பரில் சுற்றித் தருவார்கள். பெட்டி இல்லாத பொருளுக்கு எங்கே படம் ஒட்டுவது? பாக்குக்கும் அப்படித்தான். பாக்கு மரத்தில் காய்க்கிறது. போயிலை சேர்க்காமல் வெறும் பாக்கும் வெத்திலையும் போட்டாலும் அது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. பாக்கு வாயின் உள்தோலுக்குக் கீழே நார் படியச் செய்யும். முதலில் உறைப்பு பட்டால் எரியும், பிறகு கன்னம் இறுகும், கடைசியில் வாயைத் திறக்கவே முடியாது. "போயிலையை விட்டுட்டேன், இப்ப வெறும் பாக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர். அவர்களிடம் இதை யாரும் போய்ச் சொல்லவில்லை.

2016க்குப் பிறகு எங்கள் பக்கம் என்ன மாறியது? முதல் சில மாதங்கள் பி.எச்.ஐ. ஐயாமார் வந்தார்கள். கடை வாசலில் தொங்கிய சரம் காணாமல் போனது. பிறகு அது மேசைக்குக் கீழே போனது, விலை ஏறியது. இப்போது கண் ஜாடை காட்டினால் கிடைக்கும். இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவைத் தடை செய்தார்கள். அங்கேயும் பெட்டிக்கடையில் கேட்கிறவருக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. தடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரம் தொங்காததால் எங்கள் லயத்தின் சின்னப் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் வளர்கிறார்கள், அது பெரிய நன்மை. ஆனால் முப்பது நாற்பது வருசம் போட்டுப் பழகிய ஒருவருக்குத் தடை எந்த உதவியும் செய்யவில்லை. எப்படி விடுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இனி வேப்காரரின் வாதம். அவர் சொன்னார், "வர்த்தமானியில புகையிலை அடங்கினதுன்னுதானே இருக்கு. என்னோடதுல போயில எங்க இருக்கு? தண்ணிதானே?" யோசிக்க வேண்டிய கேள்விதான். அந்தத் திரவத்தில் இலை இருக்காது. நிகோட்டின் இருக்கும், ஆனால் அந்த நிகோட்டினும் பெரும்பாலும் புகையிலையில் இருந்து எடுத்ததுதான். இந்தியா 2019இல் கொண்டுவந்த சட்டத்தில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்க வைக்கும் மின்கருவி எல்லாமே இ-சிகரெட்தான் என்று வரையறுத்து, உற்பத்தி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுத்தார்கள். நம் ஒழுங்குவிதியின் சொல்லும் அந்தளவு தெளிவாக இருந்தால் இந்த மாதிரி வாதத்துக்கு இடம் இருக்காது.

அவர் இன்னொன்றும் சொன்னார், "இங்கிலாந்துல கவர்மென்டே குடுக்குதாமே." அதுவும் பொய் இல்லை. சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு, அதற்குப் பதிலாக வேப் கொடுத்து விடவைக்கும் திட்டம் அங்கே இருக்கிறது. கம்பஸ் கூட்டத்தில் இதைச் சொல்லவே இல்லை. மறைத்தால், பிறகு போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பையன் மற்ற எல்லாவற்றையும் பொய் என்றுதான் நினைப்பான். அதனால் நாங்கள் மறைக்காமல் பேசினோம். "அது ஏற்கெனவே சிகரெட் குடிக்கிறவனுக்குடா. நீ வாழ்க்கையில சிகரெட்டே தொட்டதில்லையே. நீ எதை விடுறதுக்கு இதப் பிடிச்ச?" அவரிடம் பதில் இல்லை. அதே இங்கிலாந்து, பிள்ளைகளிடம் பரவுகிறது என்று ஒருமுறை பாவித்து எறியும் வேப்பை 2025 ஜூனில் தடை செய்தது. அதையும் காட்டினோம்.

அம்மாயியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். போக ஒரு கிழமை எடுத்தது. ஏனென்றால் கூடப் போக வேண்டியவர் சின்னம்மா. 2024இல் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1350 ரூபாய் ஆனது, ஆனால் வேலைக்குப் போன நாளுக்குத்தான் அந்தக் காசு. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் போனதுதான். முதல் நாள் பல் வைத்தியர் இல்லை, திரும்பி வந்தோம். அடுத்த முறை பார்த்தார்கள். டோர்ச் அடித்து, கன்னத்தை இழுத்துப் பார்க்க இரண்டு நிமிசம் கூட ஆகவில்லை. உள்ளே வெள்ளையாக ஒரு படலம். சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் ஆகலாம், வெத்திலை பாக்கு எல்லாவற்றையும் விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். சிங்களத்தில் சொன்னதை நாங்கள் தமிழில் சொன்னோம். வெளியே வந்ததும் அம்மாயி கேட்டது, "மகரகமவுக்கு அனுப்புவாங்களா?" எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் விளங்கும். கொழும்பு பஸ் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் வழியாகத்தான் போகும்.

அந்த இரண்டு நிமிசம்தான் எங்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாய் எல்லாரும் பார்க்கக்கூடிய இடம். ஸ்கேன் வேண்டாம், மெசின் வேண்டாம். இதை இந்த நாடு எப்போதோ செய்து காட்டியும் இருக்கிறது. கிராமங்களில் வேலை செய்யும் 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றி, இருபதினாயிரத்துக்கும் அதிகமானவர்களின் வாயைப் பார்க்க வைத்து, இலங்கையில் செய்த ஆய்வு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. அவர்களால் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களில் கணிசமானோர் போகவேயில்லை. நாற்பது வருசம் கழித்து, எங்கள் சின்னம்மா ஒரு நாள் சம்பளத்தை யோசித்து ஒரு கிழமை தள்ளிப்போட்டதும் அதே கதைதான்.

எங்களுக்குத் தெரிந்த அளவில் கேட்பது மூன்று விசயம். ஒன்று, பிள்ளை மடுவத்துக்கும் கிளினிக்குக்கும் வரும் மிட்வைஃப் மிஸ்மார் தாய்மாரின் வாயையும் ஒரு தரம் பார்க்கட்டும். இரண்டு, வாய் காட்டப் போகும் நாளுக்குத் தோட்டம் அரைப் பேராவது போடட்டும். மூன்று, செய்தி எங்கள் பேச்சில் வரட்டும். "புகையிலைப் பாவனையைத் தவிர்ப்போம்" என்று பெனர் கட்டினால் அம்மாயி அதைத் தனக்குச் சொன்னதாக எடுக்காது. "சம்பல் எரியுதா? வாயைக் காட்டுங்க" என்று எழுதினால் அன்றைக்கே வந்திருக்கும்.

வேப்காரர் அந்தக் கருவியை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். திரும்ப வாங்கினாரா என்று இன்னும் கேட்கவில்லை. மாவாக்காரர் ஒரு நாளைக்கு இரண்டாகக் குறைத்திருக்கிறார், கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்தைத் தானே இழுத்துப் பார்க்கிறார். அம்மாயி போயிலையை விட்டுவிட்டது. பாக்கை இன்னும் விடவில்லை. வெத்திலைப் பொட்டியை மறைத்து வைத்தோம், அடுத்த காம்பிராவில் போய் வாங்கிப் போடுகிறது. கேட்டால், "சும்மா ஒரு துண்டுதான் புள்ள" என்கிறது.

அடுத்த கிளினிக் சித்திரையில். இந்த முறை சின்னம்மா போக வேண்டியதில்லை. கம்பஸ் லீவு, த்ரீவீல் எங்களுடையது. பாக்கைப் பற்றி டொக்டர் முன்னால் அம்மாயியே சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.