விருத்தாசலத்தில் பன்னிரண்டரை மணி வண்டி

நெய்வேலி நகரியத்துக்கு என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் "அப்புறம் என்ன, ஏறி உட்கார வேண்டியதுதானே" என்பார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. விருத்தாசலத்துக்கும் கடலூர் துறைமுகத்துக்கும் நடுவே ஓடும் கிளைப் பாதையில், வடலூருக்கு அடுத்து இருக்கிற ஸ்டேஷன் அது. ராத்திரி ஏறிப் படுத்து விடிகாலையில் மதுரையில் கண் விழிக்க வேண்டும் என்றால் அங்கே நின்று பிரயோஜனமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மந்தாரக்குப்பம் வழியாக பஸ்ஸில் விருத்தாசலம் ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும்.

இதில் நெய்வேலியின் தப்பு ஒன்றுமில்லை. எழும்பூரிலிருந்து திருச்சிக்குப் போன பழைய மெயின் லைன் கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சுற்றைக் குறைக்க விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாக நேராக ஒரு கார்டு லைன் போட்டார்கள். 1920களின் கடைசியில் அது திறந்தபோது சுமார் 60 கி.மீ. மிச்சமானது. அப்போது நெய்வேலியில் சுரங்கமும் கிடையாது, தெர்மலும் கிடையாது. பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஆரம்பித்ததே 1956ல்தான். ரயில் தன் வழியை முடிவு செய்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஊர் இது. மாநிலத்துக்கே கரண்ட் அனுப்புகிற ஊர்க்காரன் ராத்திரி ரயிலுக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறான் என்றால் காரணம் இவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரே வட்டத்தில் வளர்ந்த நாலு பையன்கள். (நகரியத்தில் தெருப் பெயர் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் புரியாது. வட்டம் நம்பர், அப்புறம் வீட்டு நம்பர். அவ்வளவுதான் முகவரி.) ஒருவன் பி.காம். கடைசி வருஷம், ஒருவன் சிதம்பரத்தில் இன்ஜினியரிங், ஒருவன் பி.எஸ்சி., இன்னொருவன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். சின்ன வயசிலிருந்து சேர்ந்து சுற்றாத இடமில்லை, ஆனால் எல்லாமே சைக்கிள் போகிற தூரம். நாலு பேரும் சேர்ந்து வெளியூரில் ஒரு ராத்திரி கூடக் கழித்ததில்லை.

பி.காம். பையனின் அப்பாவுக்கு மே மாதம் ரிடையர்மென்ட். மற்ற ஊர்க்காரர்களுக்கு ரிடையர்மென்ட் என்றால் சால்வை, சாப்பாடு, பென்ஷன் கணக்கு. குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு அது வேறு. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். பின்பக்கத்துப் பலா மரம், அம்மா வைத்த கொய்யா, கிரிக்கெட் பந்து பட்டு உடைந்து ஒட்டுப் போட்ட ஜன்னல் எல்லாம் அடுத்து வருகிறவருக்கு. சொந்த வீடு மாதிரி இருபது வருஷம் இருந்துவிட்டு, அது சொந்த வீடு இல்லை என்று ஒரு தேதியில் தெரிந்துகொள்வது நகரியத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்க்கிற அனுபவம். அந்தப் பையனின் அப்பாவுக்குப் பூர்வீகம் மதுரைப் பக்கம். திருநகருக்கு அருகே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். பையனுக்கு மதுரை என்றால் சித்திரைத் திருவிழாக் கூட்டமும் அத்தை வீட்டு மொட்டை மாடியும்தான். மற்றபடி ஒன்றும் தெரியாது.

"ஒரு நாள் போயிட்டு வந்துடலாம் மச்சான், ஜிகர்தண்டா குடிக்க" என்று ஆரம்பித்தது இன்ஜினியரிங் பையன். ஜிகர்தண்டா குடிக்க யாரும் 280 கி.மீ. போகமாட்டார்கள் என்பது நாலு பேருக்குமே தெரியும்.

ராத்திரி ரயில் பயணத்தின் பெரிய லாபம் ரூம் வாடகை கிடையாது என்பது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினால் சனிக்கிழமை விடிகாலை மதுரை. பகல் முழுக்கச் சுற்றிவிட்டு அன்றைக்கு ராத்திரியே ஏறினால் ஞாயிறு விடிவதற்குள் ஊர் திரும்பலாம். ஸ்லீப்பரில் ஒரு பக்கத்துக்கு இருநூறு ரூபாய்ச் சொச்சம். ஹோட்டல் செலவு பூஜ்யம். இதைவிட மலிவாக ஒரு நகரத்தைப் பார்க்க முடியாது என்று பி.காம். கணக்குப் போட்டுச் சொன்னான்.

கணக்கில் வராத ஒன்று இருந்தது. தேதி.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பும். விருத்தாசலம் வரும்போது நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை, பன்னிரண்டே முக்கால் ஆகிவிடும். அதாவது சனிக்கிழமை. விருத்தாசலத்திலிருந்து டிக்கெட் எடுப்பவர் சனிக்கிழமை தேதிதான் போட வேண்டும். "வெள்ளி ராத்திரிதானே" என்று வெள்ளிக்கிழமை தேதி போட்டால் கிடைப்பது வியாழக்கிழமை எழும்பூரில் கிளம்பிய வண்டி. வெள்ளி ராத்திரி பிளாட்பாரத்தில் போய் நிற்கும்போது அது மதுரைக்குப் போய்ச் சேர்ந்து ஒரு பகலே முடிந்திருக்கும். நடுராத்திரி வண்டி நிற்கிற எல்லா ஊரிலும் இப்படி ஏமாந்தவர்கள் இருப்பார்கள். டிக்கெட் முழுக்கச் சரியாக இருக்கும், பெயர் சரி, பெர்த் சரி, வண்டி மட்டும் போயிருக்கும்.

இன்ஜினியரிங் பையன்தான் ஒன்றரை மாசத்துக்கு முன்னாலேயே டிக்கெட் போட்டான். (முன்பு 120 நாள் முன்னதாகப் போடலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள் ஆகிவிட்டது.) அவன் போட்டது வெள்ளிக்கிழமை தேதி. கிளம்புகிற வாரம் செவ்வாய்க்கிழமை, வாட்ஸப்பில் கிடந்த டிக்கெட்டை பி.காம். பையன் சும்மா திறந்து பார்த்தான். 00 என்று ஆரம்பிக்கிற நேரத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

"டேய், இது வியாழக்கிழமை ராத்திரிடா."

"போடா, வெள்ளின்னு போட்டிருக்கு பாரு."

விரல் விட்டு எண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை காலை இருவருக்கு இன்டர்னல் டெஸ்ட். முன்னாடியே போகவும் முடியாது. அப்போதிருந்த விதிப்படி உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் தலைக்கு 120 ரூபாய் பிடித்தார்கள். இருநூற்றுச் சொச்சத்தில் நூற்றிருபது போனால் மிச்சம் என்ன என்று கேட்க பி.காம். படிக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை தேதிக்குப் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட். அதிலும் சாதாரண வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, பி.க்யூ.டபிள்யூ.எல். நடுவில் ஏறி நடுவில் இறங்குகிற பல ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய கொஞ்சம் பெர்த்துக்கான வரிசை அது. கன்ஃபர்ம் ஆவது அபூர்வம். பழக்கப்பட்டவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கூட நூறு ரூபாய்ச் சொச்சம் போனாலும் பரவாயில்லை என்று எழும்பூரிலிருந்தே டிக்கெட் எடுத்து, போர்டிங் மட்டும் விருத்தாசலம் என்று முன்கூட்டியே மாற்றிக்கொள்வார்கள். பொது ஒதுக்கீட்டில் இடம் நிறைய. தேதியும் வெள்ளிக்கிழமை என்றே இருக்கும், குழப்பமில்லை. மாற்றாமல் விட்டால் மட்டும் ஆபத்து. எழும்பூரில் ஆள் ஏறவில்லை என்று பெர்த்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த வாரம் எழும்பூரிலிருந்தும் இடமில்லை.

மிச்சமிருந்தது தத்கால். அதிலும் தேதி விளையாடும். தத்கால் திறப்பது வண்டி கிளம்புகிற ஊரின் தேதிக்கு முந்தின நாள். சனிக்கிழமை ஏறுகிறவருக்கு வெள்ளிக்கிழமை திறக்கும் என்று காத்திருந்தால் போச்சு. எழும்பூரில் வெள்ளி கிளம்புவதால் வியாழக்கிழமை பதினோரு மணிக்கே ஸ்லீப்பர் தத்கால் ஆரம்பித்துவிடும். அந்த நேரம் மூன்று பேர் வகுப்பில். வேலை தேடுகிறவனிடம் ஆதார் இணைத்த கணக்கு இல்லை (2025 ஜூலையிலிருந்து அது இல்லாமல் ஆன்லைனில் தத்கால் கிடையாது). கடைசியில் உட்கார்ந்தது பி.காம். பையனின் அப்பா. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர், தூங்காமல் பத்தே முக்காலுக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். நாலு பெர்த் கிடைத்தது, மூன்று பெட்டியில். போனில் "கெடச்சிருச்சுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். வீட்டைப் பார்த்துவிட்டு வா என்று அவரும் சொல்லவில்லை, பார்க்கப் போகிறேன் என்று இவனும் சொல்லவில்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் நடுராத்திரியில் தூங்குவதில்லை. தெற்கே போகிற வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். அனந்தபுரி, நெல்லை என்று அறிவிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். மூட்டை மேல் தலை வைத்துத் தூங்குகிறவர்கள், கையில் கல்யாணப் பத்திரிகைப் பையோடு ஒரு குடும்பம், சார்ஜ் போட பிளக் தேடுகிற பையன்கள். நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இந்த நேரத்தில் விழித்திருப்பது பெரிய விஷயமில்லை. ராத்திரி ஷிஃப்ட் பஸ் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். வண்டி வந்தால் ஒன்றிரண்டு நிமிஷம்தான். பெட்டி எங்கே நிற்கும் என்று முன்னாலேயே பார்த்து நிற்காவிட்டால் ஓட்டம்தான். உள்ளே போனால் விளக்கு அணைந்திருக்கும். நம் பெர்த்தில் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எழுப்பினால் "தம்பி, உங்களுது எறங்குற வரைக்கும் காலிதானே" என்பார். யார் இறங்குகிற வரைக்கும் என்பது கடைசி வரை விளங்காது.

ஐந்தரை மணி வாக்கில் மதுரை. ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரம். கையில் செல்போன் இருந்தால் வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், 2018லிருந்து உள்ளே அனுமதியில்லை. அது நல்லதாகத்தான் போயிற்று. ஆயிரங்கால் மண்டபத்தை நாலு பேரும் கண்ணால் மட்டும் பார்த்தார்கள்.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். நம்பர் போட்ட வட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மாதத்தின் பெயரில் தெரு என்பது வேடிக்கை. "நாம பதினெட்டாம் வட்டம்னு சொல்றோம், இவங்க மேலமாசின்னு சொல்றாங்க" என்றான் பி.எஸ்சி. அந்த மேலமாசி வீதியில் ஒரு வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மற்ற உடைகளை விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். தமுக்கம் பக்கம், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959ல் திறந்த காந்தி மியூசியத்தில், அவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. அதன் முன்னால் வளவளவென்று பேசுகிற இன்ஜினியரிங் பையனே வாயை மூடிக்கொண்டு நின்றான். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நாயக்கர் மகாலை விட்டாலும் இதை விடக்கூடாது. கீழடிக்கும் ஆசைதான். 2023ல் திறந்த அருங்காட்சியகம், பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரம். ஆனால் திருநகர் அதற்கு வேறு திசை. யாரும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை, பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருநகர் பஸ்ஸில் ஏறினார்கள்.

வீடு பூச்சு வேலையில் இருந்தது. மேஸ்திரி "வாங்க தம்பி, அப்பா வரலையா?" என்று கேட்டு சாவியில்லாத கதவைத் தள்ளிவிட்டார். இரண்டு ரூம், ஹால், மாடிப்படி. பின்பக்கம் போனார்கள். சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மூன்றடி.

"மரம் வைக்க எடமே இல்லையேடா" என்றான் டிப்ளமோ.

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பி.காம். பையன் "மாடியில தொட்டி வைக்கலாம்" என்றான். பிறகு எந்த ரூம் தனக்கு என்று காட்டினான். ஜன்னல் வழியாகத் திருப்பரங்குன்றம் மலை தெரிந்தது. "மலை தெரியிற ரூம்டா, நம்ம ஊர்ல மண்மேடுதான் தெரியும்" என்று இன்ஜினியரிங் சொன்னதும்தான் எல்லோரும் சிரித்தார்கள். சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேட்டை மலை என்று நினைத்து வளர்ந்தவர்கள். ஜிகர்தண்டா சாயங்காலம் ஆயிற்று. இரண்டு கிளாஸ் குடித்தவனுக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வருகிற பயணம்தான் உண்மையில் கஷ்டம். போகும்போது மதுரை கடைசி ஸ்டேஷன், தூங்கலாம். வரும்போது விருத்தாசலம் நடுராத்திரி ஒன்றரை வாக்கில். அசந்தால் எழும்பூரில்தான் கண் விழிக்க வேண்டும். 139க்குப் போன் பண்ணிச் சொல்லிவைத்தால் ஊர் வருவதற்கு முன்னால் எழுப்பிவிடுவார்கள். அது போதாதென்று நாலு போனிலும் அலாரம். அத்தனையும் அடிப்பதற்கு முன்னாலேயே பி.காம். பையன் விழித்து மற்ற பெட்டிகளுக்குப் போய் ஒவ்வொருவனையும் உலுக்கினான். அரியலூரிலிருந்தே அவன் தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

விடிகாலை பஸ்ஸுக்காக விருத்தாசலத்தில் உட்கார்ந்திருந்தபோது செலவுக் கணக்கு முடிந்தது. ரத்து செய்த டிக்கெட், தத்கால், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு 1,340 ரூபாய். இன்ஜினியரிங் பையன் ரத்துக் கட்டணத்தைத் தானே தருகிறேன் என்றான். மற்றவர்கள் வாங்கவில்லை.

மே மாதக் கடைசியில் லாரி வந்தது. பலா மரத்தில் பாதி பிஞ்சாகத்தான் இருந்தது, பழுத்ததை மட்டும் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருக்கும் மூவரும் ஆகஸ்டில் மதுரைக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். எழும்பூரிலிருந்து, போர்டிங் விருத்தாசலம். வெயிட்டிங் லிஸ்ட் 14, 15, 16.