எட்டேகால் மணி மர்மம்

அடியோடு கெட்டுப்போன சாமானால் ஒரு தொல்லையும் இல்லை, சகோதரிகளே! மிக்ஸி ஓடவில்லையா, ரிப்பேர்க்காரரிடம் கொடுக்கிறோம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பிளம்பரைக் கூப்பிடுகிறோம். ஆனால் ஒரு நாள் ஓடி, மறுநாள் மக்கர் செய்து, ரிப்பேர்க்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சமர்த்தாக ஓட ஆரம்பிக்கும் சாமான் ஒன்று உண்டு பாருங்கள், அதுதான் மனிதர்களைப் பைத்தியமாக அடிக்கும். பல் டாக்டர் வீட்டுப் படியை மிதித்ததும் பல்வலி பறந்துவிடுவதில்லையா? அந்த ரகம்.

அப்படி ஒரு கோளாறு எங்கள் வீட்டில் ஐந்து மாதம் குடியிருந்தது. அது கெடுத்தது சாமானை அல்ல, என் மனத்தை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என் மருமகளை நான் இழந்தே இருப்பேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான், வெட்கத்தை விட்டு அதைச் சொல்ல வந்தேன்.

என் மகனும் மருமகளும் ஆறு வயதுப் பேத்தியும் புனேயில் இருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் மேற்கு மாம்பலத்தில். தினம் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். முதல் கால் மணி மகன் பேசுவான். நானும் என் வீட்டுக்காரரும் கூடத்து சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஆபீஸ் கதையைக் கேட்போம். எட்டேகாலுக்கு மருமகள் சமையல் வேலையை முடித்துவிட்டு வந்து உட்காருவாள். அவள் வந்ததும், "சரி, பொம்பளைங்க பேசிக்குங்க" என்று சொல்லி இவர் எழுந்து போய்விடுவார்.

அப்புறம்தான் ஆரம்பிக்கும் கூத்து. "ஏம்மா, குழந்தை தலைக்கு எண்ணெய் வெச்சியா? முடியெல்லாம் பரட்டையா நிக்குதே" என்று நான் வாயெடுப்பேன். அவள் ஏதோ பதில் சொல்ல வருவாள். சட்டென்று படம் அப்படியே நின்றுவிடும்! கண் பாதி மூடி, உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு, 'ஆரம்பிச்சுட்டாங்கடா' என்று அலுத்துக்கொள்வது போல ஒரு முகம். அந்த முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் அதுவும் போய், திரை கறுத்துவிடும். இவர் கையில் பால் தம்ளரோடு வந்து, "என்ன, அதுக்குள்ளே பேசி முடிச்சாச்சா?" என்று கேட்பார்.

முதலில் இன்டர்நெட் கம்பெனிக்குத்தான் புகார் செய்தேன். ஒரு பையன் காலை பதினொரு மணிக்கு வந்தான். பெட்டியைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், தன் போனில் ஏதோ அளந்து பார்த்தான். "லைன் நல்லா இருக்கும்மா" என்றான். நல்லாத்தான் இருந்தது! போகிற போக்கில், "எந்தெந்த நாள், எத்தனை மணிக்குப் போகுதுன்னு எழுதி வையுங்கம்மா. எங்களுக்குச் சௌகரியமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, யார் பேசும்போது. மூன்றே வாரத்தில் எனக்கு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. மகன் பேசும்போது ஒரு நாளும் போகவில்லை. மருமகள் வந்தால்தான் போகிறது! சனிக்கிழமை மட்டும் போவதில்லை. அவளுக்கு அன்று ஆபீஸ் லீவு. மனசு நன்றாக இருக்கும், அதனால் அத்தையைச் சகித்துக்கொள்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

கணக்கு பொய் சொல்லுமா? ஒரு நாள் ராத்திரி மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியே விட்டேன். "உன் பெண்டாட்டிக்கு என்னோட பேசப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிடச் சொல்லுப்பா. இப்படி நடுவுலே கத்தரிக்க வேண்டாம்."

"அம்மா, அது லைன் கோளாறும்மா" என்றான் அவன்.

"உன்கிட்ட மட்டும் ஏன் அந்தக் கோளாறு வரலே?" என்று கேட்டேன். அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து மருமகள் போனுக்கு வரவில்லை. பேத்தி வருவாள், மகன் பேசுவான், அவள் குரல் தூரத்தில் பாத்திரச் சத்தத்தோடு கேட்கும், அவ்வளவுதான். லைனோ, இரண்டு வாரம் ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது! 'பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே' என்று எனக்குள் ஒரு கெட்ட திருப்தி. ஆனால் போனை வைத்த பிறகு சாதம் இறங்காது. ஜெயித்தவளுக்கு ஏன் தொண்டை அடைக்க வேண்டும்?

அடுத்த வாரம் இவருக்கு ஜலதோஷம். மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே, "தொண்டை கரகரங்குது, கொஞ்சம் வெந்நீர் வெச்சுக்கறேன்" என்று எழுந்து போனார். அரை நிமிஷம் ஆகவில்லை. என் மகன் முகம் நின்றுவிட்டது. கண் பாதி மூடி, உதடு கோணி, அதே அலுத்துக்கொள்ளும் முகம்! நான் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து அப்படி முகம் சுளிப்பானா? சமையலறையிலிருந்து 'டிங்' என்று மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் மகன் மறுபடி வந்து, "அம்மா, கேக்குதா?" என்றான்.

எனக்குக் கேட்டது அந்த 'டிங்'தான்.

எங்கள் வீட்டு அமைப்பைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். இன்டர்நெட் வயர் பின்பக்கத்து ஜன்னல் வழியாக வருவதால், வைஃபை பெட்டியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழ்த் தட்டில் மைக்ரோவேவ் அடுப்பு. இவர் ஒரு தடவை காஸ் அடுப்பில் பாலை வைத்து மறந்து, அது பொங்கி வழிந்து அணைந்து பெரிய விபரீதமாகப் பார்த்தது. அதிலிருந்து, 'மாமா கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கட்டும்' என்று அந்த அடுப்பை வாங்கிக் கொடுத்தவள் யார் தெரியுமா? என் மருமகள்தான்!

இப்போது நோட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். எட்டேகாலுக்கு மருமகள் வருகிறாள். அவள் வருவதால் இவர் எழுந்து போகிறார். போய்ப் பாலைச் சுட வைக்கிறார். சனிக்கிழமை இவருக்கு ஒருபொழுது. ஏழு மணிக்கே பலகாரம் பண்ணிப் பாலையும் குடித்துவிடுவார். அவள் வராத இரண்டு வாரமும், இவர் எட்டரை வரை மகனோடு பேசிவிட்டுப் பிறகுதான் பாலைத் தேடிப் போனார். நோட்டில் நான் எழுதியது அத்தனையும் உண்மைதான். ஆனால் யார் மேல் சந்தேகமோ அவளை மட்டும்தான் எழுதியிருந்தேன். பால் தம்ளரோடு தினம் என் முன்னால் வந்து நின்றவருக்கு அதில் இடமே வைக்கவில்லை!

மாடி வீட்டுப் பெண் எஞ்சினீயரிங் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாம் மாமி, ரெண்டும் ஒரே அலைவரிசை" என்றாள். மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சுட வைப்பது 2,450 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள ரேடியோ அலையினால். பழைய மாதிரி வைஃபை பேசுவதும் 2,400-லிருந்து 2,483 வரையுள்ள அதே பட்டையில். அந்த நாளில் இலங்கை வானொலிப் பாட்டின் மேல் வேறொரு நிலையம் வந்து ஏறிக்கொள்ளுமே, அந்த மாதிரி. அடுப்புக்குள் 800 வாட் வேலை செய்கிறது. வைஃபை பெட்டியின் குரலோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கதவு இடுக்கில் கசிகிற துளி அலை மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தச் சின்னக் குரலை அமுக்க அதுவே போதுமாம்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்து அவள் ஒரு கதை சொன்னாள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1969-ல் மனிதன் சந்திரனில் நடந்த காட்சியை வாங்கி உலகுக்குக் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. அதில் 1998 முதல் எப்போதாவது ஒரு தடவை விசித்திரமான ஒரு துடிப்பு பதிவாகி வந்தது. பூமியில் உண்டாகிறது என்று தெரிந்தது. எதனால் என்று தெரியவில்லை. 2007-ல் அதே தொலைநோக்கியின் பழைய பதிவில், வெகு தூரத்து வானத்திலிருந்து வந்த நிஜமான துடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்; பின்னால், 'அதுவும் இந்தப் போலிதானோ?' என்று அதன் மேலும் சந்தேகம் விழுந்தது. 2015-ல்தான் விஷயம் வெளிவந்தது. அங்கே வேலை செய்பவர்கள், 'டிங்' அடிப்பதற்குள் பொறுமை இல்லாமல் மைக்ரோவேவ் கதவைத் திறந்திருக்கிறார்கள்! திறந்த அந்த நொடியில் தப்பித்த அலைதான் அந்தத் துடிப்பு. வானத்துத் துடிப்பின் மேல் விழுந்த பழியும் நீங்கியது.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் ஒரு சின்னக் கிராமம். தினம் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதற்கும் இன்டர்நெட் தடுமாறுமாம். வயரைக்கூட மாற்றிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பதினெட்டு மாதம் கழித்து, 2020-ல், எஞ்சினீயர்கள் விடியற்காலையில் அலை அளக்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்து கண்டுபிடித்தார்கள். ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்குப் போடும் பழைய டெலிவிஷன் பெட்டி! அந்த வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது. கேட்டதும் வெட்கப்பட்டுப் பெட்டியை அணைத்துவிட்டாராம்.

படித்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவர்கள் மருமகளைப் பழிக்கவில்லையே!

அன்று இரவு நானே மருமகளின் போனுக்குக் கூப்பிட்டேன். எடுத்தாள். "அத்தை" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணும்மா. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே இரு. எப்போ நிக்குது, எப்போ வருதுன்னு சத்தமா சொல்லு" என்றேன்.

இவர் சமையலறையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் அவள் முகம் நின்றது. அணைத்தார்; சற்று நேரத்தில் அவள் குரல் வந்தது. "இப்போ வந்துட்டீங்க அத்தை." மறுபடி போட்டார். நின்றது. அணைத்தார். வந்தது. மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் அப்படியே. நாலாவது தடவை அடுப்பைத் தொடாமல், சமையலறையில் சும்மா நிற்கச் சொன்னேன். லைன் அசையவில்லை. இவர் குற்றவாளி அல்ல, அடுப்புதான் என்று ருசுவாயிற்று.

"என்னை மன்னிச்சுடும்மா. நீதான் வெக்கிறேன்னு நினைச்சுட்டேன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "இங்கே உங்க முகமும் அப்படித்தான் அத்தை நிக்கும். வாயைத் திறந்துக்கிட்டு, என்னைக் கோவிச்சுக்கற மாதிரி. நான் சொன்னது பிடிக்காம நீங்கதான் வெச்சுட்டீங்கன்னு நான் நினைச்சுப்பேன். ஒவ்வொரு நாளும் என்ன தப்பா பேசினேன்னு யோசிச்சுக்கிட்டே படுப்பேன்."

ஐந்து மாதம்! இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் ஒரு தம்ளர் பால்.

வைஃபை பெட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். மாடி வீட்டுப் பெண் அதை 5 கிகாஹெர்ட்ஸ் என்ற வேறு பட்டைக்கும் மாற்றிக் கொடுத்தாள். பெட்டியில் அந்த வசதி முன்பே இருந்ததாம், எங்களுக்குத்தான் தெரியாது. இப்போது அடுப்பு பாட்டுக்கு ஓடுகிறது, நாங்கள் பாட்டுக்குப் பேசுகிறோம்.

உங்கள் வீட்டிலும் வந்து வந்து போகும் கோளாறு ஏதாவது இருக்கும். நோட்டுப் போடுங்கள். வந்த நாளை மட்டும் அல்ல, வராத நாளையும் எழுதுங்கள். சந்தேகப்படுகிறவரை மட்டும் எழுதாமல், அந்த நேரத்தில் வீட்டில் யார் யார், என்னென்ன செய்துகொண்டிருந்தார்கள், எந்தெந்தச் சாமான் ஓடியது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். யாரையாவது குற்றம் சொல்வதாக இருந்தால், அதெல்லாம் ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொன்ன வார்த்தையை அணைத்துப் போட முடியாது.

நேற்று பேத்தியின் தலை எண்ணெய் பளபளக்க இருந்தது. "பார்த்தீங்களா அத்தை, வெச்சாச்சு" என்று மருமகள் சிரித்தாள். சிரித்த முகம் நிற்காமல் சிரித்துக்கொண்டே இருந்தது.