எடை நிற்கும் வரை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே குலசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற பூவரசு அன்றுதான் சாய்ந்தது. என் மனைவி வைத்த மரம். அவள் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

விறகுக்குப் போகாமல் நாலைந்து துண்டுகளை எடுத்து வைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு சின்னதாக ஒரு கடைசல் மிஷின் வாங்கியிருந்தேன். துபாயிலிருக்கும் மகளுக்கு அந்த மரத்தில் ஒரு குங்குமச் சிமிழ் கடைந்து கொடுக்க ஆசை. இரண்டு மாதம்கூடப் பொறுக்கவில்லை. உளி பட்டதும் சீவல் நீளநீளமாக, ஈரமாகக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. சுலபமாக வருகிறதே என்று எனக்குச் சந்தோஷம்! முப்பத்தைந்து வருடம் கோப்புகளை அவசரமில்லாமல் நகர்த்தியவனுக்கு இதில் மட்டும் என்ன அவசரமோ. சிமிழ் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் மகள் படம் அனுப்பினாள். வட்ட மூடி முட்டை வடிவமாகியிருந்தது. ஓரத்தில் ஒரு வெடிப்பு.

அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைகிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். இரண்டு துண்டுகளைத் தட்டிக் காட்டினார். காய்ந்தது 'டங்' என்றது, பச்சை 'தொப்' என்றது. ஈரமரம் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும் என்றார். அவர் காதுக்கு அது போதும். என் காது எழுபதைத் தாண்டியது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் அறிவியல் வாத்தியார் எதற்கெடுத்தாலும் 'பெஸே!' என்பார். எடை போடுங்கள் என்று அர்த்தம். அதையே செய்தேன். முனைகளுக்கு மெழுகு பூசாததால் மற்ற துண்டுகள் வெடித்துப்போய், நல்லதாக ஒன்றுதான் மிச்சம். அதற்கு இரு முனையிலும் மெழுகு பூசி, நிழலில் போட்டு, மாதம் ஒருமுறை எடை பார்த்தேன். 1120 கிராமில் ஆரம்பித்தது, ஒன்றரை வருடத்தில் 780-க்கு வந்து அப்படியே நின்றது.

நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமா? கூடவே கிடந்த வெடித்த துண்டில் 46 கிராம் சில்லு ஒன்றை வெட்டி, ஓவனில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்தேன். 40 கிராம். போன தண்ணீர் 6. 40-ஆல் வகுத்தால் 15 சதவீதம். (காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும். அதனால் பச்சை மரத்துக்கு நூறு சதவீதத்துக்கு மேலேயும் வரலாம், பயப்பட வேண்டாம்.) இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மீட்டரும் கிடைக்கிறது. ஊசி போகும் ஆழம் வரைதான் அது சொல்லும், நடுமரத்தின் சேதி அதற்குத் தெரியாது.

ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கும். வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூடி முட்டையானது அதனால்தான்.

இந்தக் கடற்காற்றில் எத்தனை வருடம் போட்டு வைத்தாலும் 15-க்குக் கீழே பெரிதாக இறங்காது. ஏசி ஓடும் வீட்டிலோ 9, 10 வரை போகும். இங்கே காய்ந்த மரம் அங்கே பச்சை மரம்! ஆகவே கட்டையையே மருமகன் கையில் கொடுத்தனுப்பினேன். ஒன்றாம் தேதி தோறும் மகள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துப் போன் பண்ணுகிறாள். லீவுக்கு வரும்போது பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டுவர வேண்டும். நான் ஒரே நாளில் கடைந்து, அதே பையில் திருப்பித் தந்துவிட வேண்டும்.

போன மாதம் 754. நேற்று 751 என்றாள்.

"இன்னும் எத்தனை நாள்ப்பா?"

"நிக்கட்டும்மா, சொல்றேன்" என்றேன்.